நெடுநாள் ஓடாமல் நின்ற பைக்கின் பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்புத் தகட்டு டேங்கும் கார்புரேட்டரும் கொண்ட பழைய இருசக்கர வண்டிகளை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, பழைய சேத்தக் போன்ற வண்டிகள் இதில் அடங்கும். என் அப்பா ஓட்டிய 1978ஆம் ஆண்டுப் புல்லட், திருவொற்றியூர் ஆலையில் செய்யப்பட்டது, எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதன் டேங்கை நான் இரண்டு முறை கழுவ வேண்டியதாயிற்று. முதல் முறை ஏன் பயன்படவில்லை என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்குப் பல நாள் பிடித்தது. அதன் பிறகு நண்பர்களுடைய வண்டிகளின் டேங்குகளையும் கழுவிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன.

வண்டி எத்தனை நாள் நின்றிருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்?

மூன்று நான்கு மாதம் மட்டுமே நின்ற வண்டி என்றால், பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் போதும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டியில், டேங்க் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதைக் கழற்றிக் கீழே இறக்குவதே சரி என்பது என் கருத்து. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் துரு இன்னும் சீக்கிரமாகவே பிடிக்கும்.

நின்ற பெட்ரோலுக்கு என்ன ஆகிறது? மூடிய டேங்குக்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் பாகமும் மெதுவாக ஆவியாகும் பாகமும் கலந்த பல பொருள்களின் கலவை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் பற்றிக்கொள்ள உதவும் இலேசான பாகம்தான் முதலில் மூடியின் துளை வழியாக வெளியேறுகிறது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறுகிறது. பதினோரு ஆண்டு நின்ற எங்கள் புல்லட்டின் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசனையே வரவில்லை. பெயிண்ட் கடைக்குள் நுழைந்தது போன்ற காட்டமான நெடிதான் வந்தது. அடியில் ஒரு டம்ளர் அளவு மிச்சமிருந்த திரவம் டிகாக்‌ஷன் நிறத்தில், விரலில் ஒட்டும் பதத்தில் இருந்தது.

தண்ணீர் வருவது டேங்க் மூச்சு விடுவதால். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் சிறு துளை வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஈரம் தகட்டின் உட்புறம் பனித்து, சொட்டாகி, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கும். ஆகவேதான் மேற்புறம் சுத்தமாகத் தெரியும் டேங்கிலும் அடித்தகட்டின் ஓரத் தையலில் துரு தடிமனாக இருக்கிறது.

இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் ஈரத்தைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தனிப் படலமாக அடியில் இறங்கிவிடும். பெட்ரோலைத் திறந்துவிடவும் மூடவும் உதவும் பெட்ரோல் காக் அமைந்திருப்பதும் அந்த அடிப்பகுதியில்தான்.

கழுவாமலே புதிய பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தால் என்ன?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவும் கூடும். அதுவே சிக்கலின் தொடக்கம். புதிய பெட்ரோல், அதிலும் எத்தனால் கலந்தது, உலர்ந்து ஒட்டியிருக்கும் பிசினை இளக்கி அதனோடு துருத்தூளையும் கிளப்பிவிடும். காக்கில் இருக்கும் வலை பெரிய துகள்களைத்தான் தடுக்கும். மாவு போன்ற நுண்ணிய துரு அதைத் தாண்டிக் கார்புரேட்டர் கிண்ணத்தில் சேற்றைப் போலப் படியும். கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதை அடைக்க ஒரு சிறு துணுக்கு போதும். ஐடிலிங்கில் ஓடாமல் அணைந்துபோகும் வண்டியை வைத்துக்கொண்டு பிளக், பாயிண்ட், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் குற்றவாளி டேங்குக்குள்ளேயே இருந்தது.

டேங்கைக் கழற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு படர்ந்து போய்ப் பக்கத்து அறையில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். ஷெட்டுக்குள், வீட்டுக்குள், கிணற்றடிப் பம்ப்செட் அறைக்குள் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு காக்கை மூடி, ரப்பர் குழாயை உருவி, டேங்கைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். சில டேங்குகளில் நடுக்கம்பிக்கு இரு பக்கமும் தொங்கும் இரண்டு பைகளை இணைக்கும் சிறு குழாய் அடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் தூக்கினால் குழாய் கிழியும். போல்ட்டுகளோடு வரும் ரப்பர் புஷ்களையும் வாஷர்களையும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

மூடி, காக், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருந்தால் அது, எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பித்தளையும் அலுமினியக் கலவையும் அமிலத்தில் கெடும்.

இறக்கிய பழைய பெட்ரோலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றக் கூடாது, மண்ணிலும் ஊற்றக் கூடாது. குப்பை எரிக்கப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது. இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனில் ஊற்றி, பழைய எஞ்சின் ஆயிலைச் சேகரித்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். நல்ல பெட்ரோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நிறம் மாறிய, நெடி மாறிய பெட்ரோலுக்கு அது பொருந்தாது.

உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது?

பெட்ரோலை இறக்கியபின் மூடியையும் காக்கின் துளையையும் திறந்து வைத்து, நிழலில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு சிறிய எல்இடி டார்ச்சை மூடியின் வாய் வழியாக அடித்துப் பாருங்கள். தீக்குச்சி, மெழுகுவத்தி, வயரில் தொங்கவிடும் குண்டு பல்பு ஆகியவற்றை அருகில் கொண்டுவரவே கூடாது. காலி டேங்க் ஆபத்தில்லாதது என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் அது வெடிக்கும் கலவை. நிரம்பிய டேங்கில் அதற்கு வேண்டிய காற்று இருப்பதில்லை. காலி டேங்கில் அந்தக் கலவை தயாராகவே இருக்கிறது.

உள்ளே தேன் நிறத்தில் பளபளப்பாகத் தெரிவது பிசின். செம்மண் பூசியது போல் மெல்லியதாகத் தெரிவது மேலோட்டமான துரு. அது எளிதில் போகும். செதில் செதிலாக உரிந்து, குச்சியால் தட்டினால் பொலபொலவென்று உதிர்வதே கவலைக்குரியது. அந்த நிலையில் இருக்கும் டேங்கின் அடித்தகட்டை வெளிப்புறமிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு வளைந்து கொடுத்தால் அது காகிதம் போல் மெலிந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட டேங்கை அமிலத்தில் ஊறவைப்பதற்கு முன், ஓட்டை விழும் என்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஓட்டையை உண்டாக்குவது அமிலம் அன்று. துரு ஏற்கெனவே தின்ற இடத்தை அது திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆசிட் ஊற்றியும் துரு போகவில்லையே, ஏன்?

நான் முதல் முறை செய்த தவறு இதுதான். துருவைக் கண்டதும் நேராக அமிலக் கரைசலை ஊற்றி ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தேன். கொட்டிவிட்டுப் பார்த்தபோது மேற்பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. அடிப்பக்கம் பழையபடியே இருந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவியபோதுதான் புரிந்தது, துருவின் மேல் வார்னிஷ் அடித்தது போல் பிசின் மூடியிருந்தது. தண்ணீரில் கரைத்த எந்த அமிலமும் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போகாது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடுவதைப் போன்றதுதான் இதுவும்.

ஆகவே முதலில் பிசினை நீக்க வேண்டும். அசிட்டோனோ நல்ல தரமான தின்னரோ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊற்றி, துளைகளை அடைத்து, டேங்கை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் அரைமணி நேரம் ஊற வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். ஆனால் காய்ந்து இறுகிய பிசினிடம் அவற்றின் வேலை பலிக்காது. தின்னர் டேங்கின் வெளிப் பெயிண்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் பெயிண்ட் கரையும். எனவே மூடியின் வாயைச் சுற்றிக் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாளால் டேங்க் முழுவதையும் சுற்றிக் கட்டிவிடுங்கள். கைக்கு ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் தேவை.

தின்னரைக் கொட்டிக் காற்றாட விட்டபின், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரை ஊற்றி நன்றாகக் குலுக்கிக் கழுவுங்கள். கடைசியில் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கொட்டும்போது தகட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவினால் பிசின் போய்விட்டது. முத்தாகத் திரண்டால் இன்னொரு முறை கழுவ வேண்டும். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில், குறிப்பாகப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றிய பழைய சேத்தக், யெஸ்டி போன்றவற்றில், இந்தக் கட்டத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். அந்த ஆயில் படலம் பல டேங்குகளைத் துருவிலிருந்து காப்பாற்றியும் இருக்கும். அது ஒரு நல்ல செய்தி.

துருவை நீக்க எந்த அமிலம் நல்லது?

வீட்டில் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு. உணவுப் பொருள்களுக்கான ரசாயனம் விற்கும் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடலாம். 14 லிட்டர் பிடிக்கும் டேங்குக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேவைப்படும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, வாளியில் உப்பை முழுவதும் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். சூடு இருந்தால் வேலை விரைவாக நடக்கும். டேங்க் விளிம்பு வரை நிரம்ப வேண்டும். பாதியளவு ஊற்றினால் நீர்மட்டத்துக்கு மேலே, காற்றும் ஈரமும் படும் தகட்டில் புதிய துரு ஏறும்.

சிட்ரிக் அமிலம் துருவைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைத் தன்னோடு பிணைத்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் அது மீண்டும் படிவது குறைகிறது. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே தத்துவம்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அதற்காக டேங்கில் புளியைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அதன் சக்கையும் நாரும் காக்கின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

எட்டு மணி நேரம் கழித்து ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான டேங்குகள் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் சாம்பல் நிறத் தகடாகத் தெரியத் தொடங்கும். அதற்கு மேல் ஊறவைத்தால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். துரு இன்னும் மிச்சமிருந்தால், கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிய கரைசல் ஊற்றுவதே நல்லது. பழைய கரைசலில் வலு தீர்ந்திருக்கும். அமிலம் இரும்பைத் தொடும்போது சிறிதளவு ஹைட்ரஜன் வாயு வெளியாகும். மூடியை இறுக்கி அடைக்காமல் தளர்வாக வையுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

வினிகரும் வேலை செய்யும். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம்தான் இருப்பதால் நாள் கூடும், செலவும் கூடும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கிகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. அவை துருவை நீக்கியபின் இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்வதால், புதிய துரு ஏறுவது தாமதமாகிறது. விலை ஒரு பொருட்டில்லை என்றால் அதுவும் நல்ல வழியே.

கழிவறை கழுவும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், வேண்டவே வேண்டாம். அது மிக விரைவாகத் துருவை நீக்கும் என்பது உண்மை. அதே வேகத்தில் நல்ல தகட்டையும் தின்னும். அதன் குளோரைடு தையலின் இடுக்குகளில் தங்கிவிட்டால், எவ்வளவு கழுவினாலும் சில நாட்களில் அங்கிருந்தே துரு மறுபடியும் கிளம்பும். அதன் புகை பட்ட சைக்கிளும் கருவிகளும் மறுநாள் துருவேறி நிற்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வேகம் வேண்டுமென்று டேங்கையே பலி கொடுக்கக் கூடாது.

உள்ளே கல், நட்டு, செயின் போட்டுக் குலுக்கலாமா?

செதிலாகப் பிடித்த துருவுக்கு இது உதவும். மேலோட்டமான துருவுக்குத் தேவையில்லை. மெக்கானிக்குகள் ஜல்லிக் கற்களைப் போடுவதுண்டு. கல் உடைந்தால் அதன் தூள் ஓரங்களில் மாட்டிக்கொள்ளும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. பழைய சைக்கிள் செயின் நல்லது. அதன் ஒரு முனையைக் கம்பியால் கட்டி, அந்தக் கம்பியை மூடியின் வாய்க்கு வெளியே நீட்டிவைத்தால் வெளியே எடுப்பதில் துன்பம் இருக்காது. நட்டுகளைப் போட்டால் எத்தனை போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அத்தனையும் வெளியே வந்த பின்பே அடுத்த வேலை. பெட்ரோல் ஆவி இருக்கும் காலி டேங்கில் இரும்பை உலர்வாகக் குலுக்கக் கூடாது, பொறி பறக்கும். எப்போதும் சோப்புத் தண்ணீரோ அமிலக் கரைசலோ உள்ளே இருக்கும்போதுதான் குலுக்க வேண்டும்.

பாட்டரி சார்ஜர் கொண்டு மின்சாரத்தால் துரு எடுக்கும் முறை எப்படி?

நல்ல முறை, ஆனால் பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டும். டேங்கில் சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, சார்ஜரின் நெகட்டிவ் முனையை டேங்கிலும், பாசிட்டிவ் முனையை உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியிலும் இணைப்பார்கள். கம்பி டேங்கை எங்கும் தொடக் கூடாது. எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மை மிக்க குரோமியச் சேர்மம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் தொடர்ந்து வெளியேறும் என்பதால் திறந்த வெளி கட்டாயம். சுவிட்சை அணைத்த பின்பே கிளிப்புகளைத் தொட வேண்டும். நல்ல தகட்டை இது அரிக்காது என்பதே இதன் சிறப்பு. கம்பிக்கு நேரே பார்வையில் படாத மூலைகளில் துரு அப்படியே நிற்கும் என்பதே இதன் குறை. புல்லட் போன்ற இரட்டைப் பை டேங்குகளில் அந்தக் குறை பெரிதாகத் தெரியும்.

அமிலத்தில் கழுவிய அடுத்த நாளே மஞ்சள் துரு வந்துவிட்டது. எங்கே தவறு நடந்தது?

கழுவுவதற்கும் உலர்த்துவதற்கும் இடையில் நடந்த தாமதமே காரணம். அமிலம் பட்டு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கும் இரும்புத் தகடு, ஈரமும் காற்றும் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே மஞ்சளிக்கத் தொடங்கும். முழு வேலையிலும் அவசரப்பட வேண்டிய ஒரே கட்டம் இதுதான். ஆகவே கரைசலைக் கொட்டுவதற்கு முன்பே அடுத்து வேண்டியவை அனைத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, காலை பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். ஐப்பசி மழையில் இதைச் செய்ய வேண்டாம்.

கரைசலைக் கொட்டியதும், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குங்கள். மிச்சமிருக்கும் அமிலத்தோடு சேர்ந்து அது நுரைக்கும். நுரை அடங்கும்வரை செய்து கொட்டுங்கள். பிறகு சுத்தமான வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். தகடு சூடாக இருந்தால் ஈரம் தானாகவே விரைந்து காயும். உடனே டேங்கைக் கவிழ்த்து முழுவதும் வடியவிட்டு, முடி உலர்த்தும் டிரையரின் சூடான காற்றை வாய் வழியாக விடாமல் செலுத்துங்கள். இந்தக் கட்டத்தில் உள்ளே பெட்ரோலோ தின்னரோ ஸ்பிரிட்டோ துளியும் இருக்கக் கூடாது; இருந்தால் டிரையரின் சூடான கம்பியே அதைப் பற்றவைக்கும். தண்ணீரை இழுத்துக்கொள்ள ஸ்பிரிட் ஊற்றி அலசும் வழியும் உண்டு. அந்த வழியைத் தேர்ந்தால் மின்கருவி எதையும் கிட்டே கொண்டுவராமல் வெயிலில் மட்டும் உலர்த்துங்கள். இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள்.

காய்ந்த அடுத்த நிமிடமே டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலைக் கால் லிட்டர் ஊற்றி, டேங்கை எல்லாக் கோணங்களிலும் உருட்டிப் புரட்டி, உட்புறம் முழுவதும் ஆயில் பூசப்படும்படி செய்யுங்கள். சாதாரண எஞ்சின் ஆயிலைவிட இது நல்லது, ஏனெனில் பெட்ரோலில் எளிதாகக் கரைந்து எரிந்துவிடும். மிகுதியை வடித்துவிட்டு, வண்டியில் பூட்டும்வரை அப்படியே மூடி வைக்கலாம். என் டேங்கை இரண்டாம் முறை கழுவி இவ்வாறு வைத்தபின், கார்புரேட்டர் வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. திறந்து பார்த்தபோது கொட்டிய நாளில் இருந்த அதே சாம்பல் நிறம்தான் இருந்தது.

உட்பூச்சு அடிப்பது அவசியமா?

பெரும்பாலான டேங்குகளுக்கு அவசியம் இல்லை. எபாக்ஸி வகை உட்பூச்சு, ஊசித்துளைகள் உள்ள, மெலிந்த டேங்கை இன்னும் சில ஆண்டுகள் காப்பாற்றும் மருந்து. நல்ல டேங்குக்கு அது தேவையற்ற சுமை. அடிப்பதற்கு முன் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, துரு, ஈரம் மூன்றும் துளியும் இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் பூச்சு பிடிப்பின்றி, நாளடைவில் தாள் தாளாக உரிந்து காக்கை அடைக்கும். அப்படி உரிந்த பூச்சை எடுப்பது துருவை எடுப்பதைவிட மிகக் கடினம். அடித்தே தீர வேண்டும் என்றால், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் தெளிவாக எழுதியிருக்கும் பூச்சை மட்டும் வாங்குங்கள். சொல்லப்பட்ட நாள் முழுவதும் காயவிட்ட பின்பே பெட்ரோல் ஊற்றுங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?

தெருமுனையில் இருக்கும் கேட், கிரில் பட்டறையில் கொடுக்காதீர்கள். பெட்ரோல் இருந்த டேங்கில் நெருப்பு வைப்பதால் உயிரிழப்புகள் நேர்கின்றன. கழுவிவிட்டோமே என்பது போதாது. தையலின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் பிசின் சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். டேங்க் வேலையையே தொழிலாகக் கொண்டு, உள்ளிருக்கும் ஆவியை முறைப்படி வெளியேற்றிவிட்டுப் பித்தளைப் பற்று வைக்கும் கைவினைஞரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். எப்படி ஆவியை வெளியேற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் டேங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கையால் பிசைந்து வெளியே அப்பும் எபாக்ஸி மாவு வீடு வந்து சேரும்வரை தாங்கும். அதை நம்பி நெடுந்தூரம் போகக் கூடாது.

டேங்கோடு வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

காக்கைப் பிரித்து வலையைக் கழுவி, உள்ளிருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். நெடுநாள் காய்ந்த வாஷர் பெட்ரோல் பட்டதும் ஊறிப் பெருத்துத் துளையை அடைக்கும், அல்லது ஓரத்தில் கசியும். ரப்பர் குழாயை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் புதியது வாங்குங்கள். கார்புரேட்டரை முழுவதும் பிரித்துக் கழுவாமல் டேங்கை மட்டும் சுத்தம் செய்வதில் பயனில்லை.

மூடியின் காற்றுத் துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகி, நான்கைந்து கிலோமீட்டர் ஓடி, இழுத்து இழுத்து நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்கும். மூடிவிட்டு உதைத்தால் மறுபடியும் ஓடும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறெதையும் தொடாமல் மெல்லிய கம்பியால் மூடியின் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் முறை எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது?

இரண்டு லிட்டர் போதும். காக்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ளே தெரியும்படியான சிறு ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள். முதலில் அரை லிட்டரை டேங்கில் ஊற்றிக் குலுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் தங்கும் தூளின் அளவே உங்கள் வேலை எவ்வளவு சுத்தம் என்பதைச் சொல்லும். முதல் 100 கிலோமீட்டருக்குள் ஃபில்டரை இரண்டு முறையாவது பாருங்கள். சிறிது செந்நிறம் தெரிவது இயல்பு. அடுத்த ஃபில்டரிலும் அதே அளவு தெரிந்தால் டேங்கை மறுபடியும் இறக்க வேண்டியதுதான்.

இனி வண்டியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தால் டேங்க் நிரம்பியிருக்க வேண்டுமா, காலியாக இருக்க வேண்டுமா?

இரண்டு மூன்று மாதம் என்றால் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். அதற்கு மேல் என்றால், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை உள்ளே விட்டுவைப்பதை நான் விரும்பவில்லை. முழுவதும் இறக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து, டேங்கின் உட்புறம் 2டி ஆயில் பூசி மூடி வையுங்கள். பாதி நிரம்பிய டேங்கோடு நிறுத்துவதே எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

டீசல் வண்டிக்கும் புதிய இன்ஜெக்‌ஷன் பைக்குக்கும் இதே முறைதானா?

இல்லை. டீசலும் அடியில் தங்கிய தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த வழவழப்பான சேறு உண்டாகும். அதற்குத் தனி மருந்தும் தனிக் கழுவலும் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றாமல் எந்தத் திரவத்தையும் உள்ளே ஊற்றக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது அதன் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும்.